சத்தம் கேட்கிறது, படம் வரவில்லை

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை, மயிலாடுதுறையில் தனியாக வசிக்கும் அம்மா என்னை அழைத்து, "பேச்சு மட்டும் கேட்குதுப்பா, படத்தைக் காணோம்" என்றார். அன்று பிற்பகல் முழுவதும் அடைமழை. மின்சாரம் நான்கைந்து முறை போய்ப் போய் வந்திருக்கிறது. மறுநாள் காலையில் வந்து பார்த்த மெக்கானிக், பின்மூடியைக்கூடத் திறக்காமல், பேனல் (படம் தெரியும் கண்ணாடித் தகடு) போய்விட்டது, இதற்குச் செலவு செய்வதைவிடப் புதியது வாங்கிவிடுவது நல்லது என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனாராம். ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 32 அங்குல எல்இடி டிவி அது. அம்மாவுக்கு அதை மாற்ற மனமில்லை. எனக்கும் அந்தத் தீர்ப்பில் நம்பிக்கை இல்லை; பேனல் போன டிவி ஒரேயடியாகக் கறுத்து நிற்பது அரிது, அது பெரும்பாலும் கோடாகவோ கறையாகவோ தன் காயத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

அன்றிரவு அம்மாவிடம் கூடத்து விளக்குகளையெல்லாம் அணைக்கச் சொன்னேன். டிவியில் செய்தி அலைவரிசை ஒன்றை வைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டுத் திரைக்கு மிக அருகில் சற்றுச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு, "ஆமாப்பா, செய்தி வாசிக்கிற பொண்ணு நிழலாட்டம் தெரியுது" என்றார். பேனல் உயிரோடு இருக்கிறது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் உறுதியாகிவிட்டது.

எல்இடி டிவி என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் எல்சிடி டிவிதான். படத்தை உருவாக்கும் அந்தக் கண்ணாடித் தகட்டுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னாலிருந்து வரும் வெள்ளை ஒளியை எந்தப் புள்ளியில் எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு மறைக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அந்தப் பின்னொளியை, அதாவது பேக்லைட்டை, தருபவை நீளப் பட்டைகளில் வரிசையாகப் பதித்த சிறு எல்இடிகள். அம்மாவின் டிவியில் மூன்று பட்டைகள், பட்டைக்கு ஏழு எல்இடிகள். கோயில் திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் விளக்குச் சரத்தில் ஒரு பல்பு போனால் சரம் முழுவதும் இருண்டுவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கும் எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின் உள்ளிணைப்பு அறுந்தாலும் மின்னோட்டம் நின்று, பின்னொளி மொத்தமும் அணைந்துவிடுகிறது. சில டிவிகளில் போட்டவுடன் படம் ஒரு நொடி மின்னிவிட்டு மறையும். மின்னோட்டம் சரியாகப் போகவில்லை என்பதை உணர்ந்த சுற்று, தற்காப்புக்காகத் தானே பின்னொளியை நிறுத்திக்கொள்வதன் அடையாளம் அது. ஓஎல்இடி வகைத் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், டார்ச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

கும்பகோணத்தில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த சித்தப்பாவிடம் பள்ளி விடுமுறைகளில் எடுபிடி வேலை பார்த்தவன் நான். அந்தப் பழக்கத்தில் அவருக்குத் தெரிந்த வேறொரு மெக்கானிக்கைக் கண்டுபிடித்து அம்மாவின் வீட்டுக்கு அனுப்பினோம். அவர் டிவியைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பிரித்து, பேக்லைட் டெஸ்டர் என்னும் சிறு கருவியால் ஒவ்வொரு பட்டையையும் சோதித்ததில், நடுப்பட்டையின் நான்காவது எல்இடி நடுவில் கறுத்துப் போயிருந்தது. மூன்று பட்டைகளையும் சேர்த்தே மாற்றினார். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய பட்டைகளின் வெளிச்சம் குறைவாகத் தெரிந்து திரையில் மங்கல் பட்டை விழும். அதோடு, அதே வயதுள்ள மற்ற எல்இடிகள் அடுத்தடுத்துப் போகத் தொடங்கும். கூலியும் சேர்த்து 1,900 ரூபாய் ஆயிற்று. இணையத்தில் இதைச் செய்து காட்டும் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே முயல்வோருக்கு ஒரு சொல்: பட்டைகளை எட்ட வேண்டுமானால் பேனலைக் கழற்றித் தனியே தூக்கி வைக்க வேண்டும், அந்தக் கண்ணாடி அப்பளம் போன்றது. நன்றாக இருந்த பேனல் இந்த வேலையில்தான் அதிகம் உடைகிறது.

பின்னொளி பல நேரங்களில் முன்னறிவிப்போடு போகும். வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் பாஸ்பர் என்னும் மஞ்சள் ஒளிர்பொருள் பூசியது. நெடுநாள் சூட்டில் அந்தப் பூச்சு கெடக் கெட, படம் முழுவதும் நீலமாகவோ ஊதாவாகவோ மாறும். வண்ண அமைப்பை எவ்வளவு திருத்தினாலும் அது போகாது. திரையில் ஆங்காங்கே வட்டமான வெண்பொட்டுகள் தோன்றினால், எல்இடியின் மேல் ஒட்டியிருந்த சிறு பிளாஸ்டிக் லென்ஸ் பசை விட்டுக் கீழே விழுந்திருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் மூலகாரணம் சூடு, சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். கடையில் நூறு டிவிகளுக்கு நடுவே கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக வைக்கப்படும் விவிட் போன்ற பளிச்சிடும் பட அமைப்புகளிலேயே வீட்டிலும் ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டால், எல்இடிகள் எப்போதும் உச்ச மின்னோட்டத்தில் வேகின்றன. அம்மாவின் டிவியில் பேக்லைட் அளவு 100-இல் இருந்தது.

மின்சாரம் சார்ந்த கோளாறுகளில் முதலில் பார்க்க வேண்டியது டிவியின் கீழ் விளிம்பிலுள்ள சிறு சிவப்பு விளக்கை. அது எரியவே இல்லையென்றால், டிவியைச் சந்தேகிப்பதற்கு முன் பிளக் செருகியிருக்கும் இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதே துளையில் கைப்பேசி சார்ஜரைச் செருகிப் பார்த்துவிட்டு, மின்சாரம் வருகிறது, டிவிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவோர் பலர். சார்ஜர் இழுப்பது சில வாட் மட்டுமே. அரைகுறைத் தொடர்பிலும் அது வேலை செய்துவிடும். மேசை விசிறியைச் செருகிப் பாருங்கள். அது இழுப்பதும் 32 அங்குல டிவி இழுப்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஏறத்தாழ 50 வாட். விசிறி விட்டு விட்டுச் சுற்றினாலோ, பிளக்கின் பின்கள் சூடேறி ஓரம் கறுத்திருந்தாலோ, மாற்ற வேண்டியது சுவிட்ச் பெட்டியிலுள்ள சாக்கெட்டை. பல டிவிகளில் பின்புறம் எட்டு வடிவத் துளையில் செருகும் கழற்றக்கூடிய ஒயர் இருக்கும். சுவரில் மாட்டிய டிவியைத் துடைக்கும்போது அது இழுபட்டுப் பாதி வெளியே வந்துவிடுவதும் உண்டு. இதற்காகவே மெக்கானிக்கை வரவழைத்து வருகைக் கட்டணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் டிவி எழவில்லை என்றால், ரிமோட்டை விட்டுவிட்டு டிவியின் அடியிலோ பின்னாலோ இருக்கும் பொத்தானை நேரடியாக அழுத்திப் பார்க்க வேண்டும். எழுந்துவிட்டால் பழுது பெரும்பாலும் ரிமோட்டில். அதன் முன்முனையைக் கைப்பேசியின் கேமராவுக்கு, குறிப்பாகச் செல்ஃபி கேமராவுக்கு நேராகக் காட்டிப் பொத்தானை அழுத்தினால், நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி கேமராவில் மினுக்குவது தெரியும். தெரியாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம். பொத்தானுக்கும் அசையவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிவியின் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் செருகுங்கள். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ரிமோட்டில் அணைத்தாலும் உள்ளேயிருக்கும் சிறு கணினிக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. மின்வெட்டின் அதிர்ச்சியில் அது பாதி வழியில் சிக்கி நின்றிருந்தால், மிச்ச மின்சாரமும் வடிந்த பிறகுதான் முதலிலிருந்து தொடங்கும். அடிக்கடி மின்சாரம் போய் வரும் மழைக்காலத்தில் எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்திருக்கின்றன.

விளக்கு எரிவதற்குப் பதில் இரண்டு, மூன்று என்று எண்ணிக்கையோடு மினுக்கி, சற்று நிறுத்தி, மறுபடி அதே எண்ணிக்கையில் மினுக்கினால், டிவி தன் நோயைச் சொல்கிறது. எத்தனை மினுக்கலுக்கு எந்தப் பழுது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் வேறுபடும் என்றாலும், எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் எந்தப் போர்டைக் கொண்டுவர வேண்டும் என்று முன்பே தெரிந்துகொள்வார்.

போட்டவுடன் எழாமல், டிக் டிக்கென்று சத்தம் கேட்டு, பத்து நிமிட முயற்சிக்குப் பிறகு எழுந்து, எழுந்த பின் இரவு முழுவதும் நன்றாக ஓடும் டிவிகள் உண்டு. இது பெரும்பாலும் பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களின் மூப்பு. அவற்றினுள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல உலர்கிறது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது மின்னணுத் துறையினர் கையில் வைத்திருக்கும் கணக்கு. தலை தட்டையாக இருக்க வேண்டிய கெப்பாசிட்டர் பூரியைப் போல உப்பியிருந்தால் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். மாற்றும் பொருளின் விலை சில பத்து ரூபாய்தான். ஆனாலும் போர்டையே மாற்றச் சொல்லும் போக்கு இப்போது கூடியிருக்கிறது. போர்டு மாற்றுவது சுலபம், கெப்பாசிட்டரைத் தேடி மாற்றுவதற்குப் பொறுமை வேண்டும். உப்பிய கெப்பாசிட்டரை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மின்னழுத்தம் குறைந்தால் டிவி கெட்டுவிடும் என்ற அச்சம் பழைய பிக்சர் டியூப் காலத்து மிச்சம். இன்றைய டிவியின் பின்புற ஒட்டுவில்லையைப் படித்தால், பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். அந்த எல்லைக்குள் எவ்வளவு ஏறி இறங்கினாலும் உள்ளேயிருக்கும் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கிச் சுற்று சமாளித்துக்கொள்ளும். ஆகவே லோ வோல்டேஜுக்காக டிவிக்கு ஸ்டெபிலைசர் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. அஞ்ச வேண்டியது மறுபக்கத்துக்கு. நம் தெருவில் ஓடும் மும்முனை இணைப்பில் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு பேஸ்களுக்கு நடுவே ஏறத்தாழ 400 வோல்ட். புயல் காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால், குறைவாக மின்சாரம் எரிக்கும் வீடுகளில் மின்னழுத்தம் அந்த 400-ஐ நோக்கி ஏறிவிடும். ஒரே இரவில் ஒரு தெருவின் டிவிகளும் செட்டாப் பாக்ஸ்களும் சேர்ந்து புகைவது இப்படித்தான். அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஹை வோல்டேஜ் கட் ஆஃப் கருவி ஒன்றை வீட்டின் நுழைவிலேயே எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திவிட்டால் டிவியோடு பிரிட்ஜும் தப்பும்.

அப்படிப்பட்ட வேளையில் டிவிக்குள் முதலில் உயிர் விடுவது வேரிஸ்டர் என்னும் சிறு வட்டத் தகடும் அதன் முன்னாலிருக்கும் ஃபியூஸும்; மற்றவற்றைக் காப்பதற்காகவே அவை அங்கே இருக்கின்றன. வெடித்த வேரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு, ஃபியூஸின் இரு முனைகளையும் ஒயரிலிருந்து உரித்த ஒரு செம்பு இழையால் இணைத்துக் கொடுத்துவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. டிவி ஓடும், அடுத்த முறை போர்டு முழுவதும் கருகும். பழுது பார்த்து வந்த டிவிக்கு ஃபியூஸ் என்ன போட்டீர்கள் என்று கேட்பது என் வழக்கம். இந்தக் கேள்வியில் முகம் சுளித்தவரிடம் நான் இரண்டாம் முறை போனதில்லை. இடி மின்னலின்போது பிளக்கைப் பிடுங்குவோர் கேபிளைப் பிடுங்க மறந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெருவெல்லாம் நீண்டு கிடக்கும் கேபிள் ஒயரும் மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஒயரும் மின்னலின் விசையை நேரே செட்டாப் பாக்ஸுக்குள்ளும், அதன் வழியே டிவியின் எச்டிஎம்ஐ முனைக்குள்ளும் கொண்டுவந்து சேர்க்கும்.

இன்னொரு எதிரி பல்லி. சுவரில் ஒட்டினாற்போல மாட்டிய டிவியின் பின்புறம் இரவில் வெதுவெதுப்பாக இருக்கும். காற்றுத் துளைகள் வழியே உள்ளே போகும் பல்லி, பவர் போர்டின் இரு முனைகளை ஒரே சமயத்தில் தொட்டுவிட்டால் பல்லி, போர்டு இரண்டும் முடிந்துபோகும். சித்தப்பாவின் கடையில் மேசைக்கு வந்த டிவிகளில் கருகிய பல்லிகளையும் சாரை சாரையாக எறும்புக் கூடுகளையும் கண்டிருக்கிறேன்.

படம் சார்ந்த கோளாறுகளுக்கு நான் எவரிடமும் முதலில் கேட்கும் கேள்வி, டிவி ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்தினால் அந்த மெனு தெளிவாகத் தெரிகிறதா என்பதுதான். செட்டாப் பாக்ஸின் மெனுவைச் சொல்லவில்லை, டிவியின் சொந்த மெனு. அது டிவிக்குள்ளேயே உருவாகி அதே பேனலில் தெரிவது. அது பளிச்சென்று தெரிந்து, பின்னாலிருக்கும் படம் மட்டும் உடைந்தோ நிறமிழந்தோ இருந்தால் டிவி பெரும்பாலும் குற்றமற்றது, தேட வேண்டியது வெளியே. நோ சிக்னல் என்று திரையில் எழுத்து வந்தாலும் அப்படியே: திரையும் பின்னொளியும் நலம், பெரும்பாலும் டிவி ஒரு வாசலில் காத்திருக்கிறது, படம் வேறு வாசலில் வருகிறது. ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் போதும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இந்தப் பழுது வாரம் ஒருமுறை வரும்.

இன்னும் மூவண்ண ஏவி ஒயரைப் பயன்படுத்துவோருக்கு, மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. மஞ்சள் முனையைத் தவறிப்போய்ப் பச்சைத் துளையில் செருகிவிட்டுப் படம் கறுப்பு வெள்ளையாகிவிட்டதே என்று வருந்துவோரைப் பார்த்திருக்கிறேன். எச்டிஎம்ஐயில் படம் விட்டு விட்டு வந்தால், ஒயரை இரு முனையிலும் கழற்றிச் செருகி, பிறகு வேறு துளைக்கு மாற்றி, அதன் பின் வேறு ஒயரால் சோதிக்க வேண்டும். இந்த வரிசையில் செலவு கடைசியில் வருகிறது.

மழை வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைவதற்குக் காரணம் டிஷ்ஷுக்கு வரும் அலைகள். 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அந்த அலைகளைக் கனமழையின் துளிகள் உறிஞ்சிவிடுகின்றன. பழைய ஆன்டெனாவில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி புள்ளியாகப் பூச்சி பறக்கும், ஆனாலும் படம் தெரியும், டிஜிட்டலில் ஓர் அளவுக்குக் கீழே போனால் படமே இல்லை. மழை விட்டதும் சரியாகிவிட்டால் எதையும் தொட வேண்டாம். மழை விட்டு ஒரு நாள் ஆன பின்பும் உடைகிறதென்றால், டிஷ்ஷின் முனையிலுள்ள இணைப்பில் நீர் இறங்கியிருக்கலாம், காகங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து டிஷ் திரும்பியிருக்கலாம், அல்லது ஒயரை நடுவில் வெட்டி முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுகள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம்.

கோடுகள் வேறு வகை. மெனுவையும் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக மெல்லிய வண்ணக் கோடு நின்றால், பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்புத் தாள்களில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்ய எல்லா ஊர்களிலும் வசதி இல்லை, பேனல் மாற்றினால் ஏறத்தாழ டிவி விலை. ஒரு கோடு என்றால் பார்த்துப் பழகிவிடுவதே என் ஆலோசனை. ஆனால் பாதித் திரை இருண்டோ, நிறங்கள் பழைய புகைப்பட நெகட்டிவ் போலத் தலைகீழாகவோ மாறினால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அது பேனலுக்குப் படத்தைப் பிரித்து அனுப்பும் டிகான் என்னும் சிறு போர்டாகவோ, அதற்குச் செல்லும் பட்டை ஒயரின் தளர்ச்சியாகவோ இருக்கலாம், அவை பேனலைவிட மிக மலிவு. எங்கள் அத்தை வீட்டு டிவிக்குக் கோடு வந்தது போகிக்கு முன்தினம். வீட்டைச் சுத்தம் செய்தபோது திரையின் மேல் நேராகத் தண்ணீரைத் தெளித்துத் துடைத்திருக்கிறார்கள். வழிந்த நீர் கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கி, அங்கிருந்த இணைப்புத் தாள்களை அரித்துவிட்டது. திரையை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடைக்க வேண்டும். ஈரம் தேவையென்றால் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்ள வேண்டும், அதுவும் டிவி அணைந்து ஆறிய பிறகு.

டிவியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் படம் வந்துவிடும் என்பது ஒரு காலத்தில் உண்மையே. 2006-இல் தமிழக அரசு வீடுதோறும் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பல, சித்தப்பாவின் மேசைக்கு அப்படித் தட்டுப்பட்டுத்தான் வந்து சேர்ந்தன. ஈயப் பற்று காய்ந்து விரிந்த இடத்தில் தட்டினால் தொடர்பு மீண்டும் கிடைக்கும், அவ்வளவே. இன்று தட்டினால் கண்ணாடிதான் விரியும். பழைய பெட்டியின் உள்ளே பிக்சர் டியூபுக்குச் செல்லும் 20,000 வோல்ட்டுக்குப் பயந்து எவரும் பின்மூடியைத் தொடமாட்டார்கள். தட்டை டிவியைப் பார்த்து அந்தப் பயம் விட்டுப்போயிருக்கிறது. அதன் பவர் போர்டிலும் 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாகவோ அதற்கு மேலாகவோ பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நிமிடங்கள் நிற்கக்கூடும். திருப்புளியோடு உள்ளே போவதை அதைப் பழகியவரிடம் விட்டுவிடலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அம்மாவின் டிவியைக் காற்றோட்டத்துக்காகச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி மாட்டினேன். எட்டு வடிவ ஒயரை அழுத்திச் செருகினேன். விவிட் அமைப்பை மாற்றி, பேக்லைட்டை 100-லிருந்து 50-க்கு இறக்கினேன். "என்னப்பா, மங்கலா இருக்கே" என்றார் அம்மா. மூன்று நாள் கழித்து, வெளிச்சம் பரவாயில்லையா என்று கேட்டபோது, எந்த வெளிச்சத்தைக் கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை.